கறுப்புக் கூரையும் காணாமல் போன உளுந்தும்

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் பகுதி சூப்பர் மார்க்கெட்டை ஆடித் தள்ளுபடிக்கு முன்பாகப் புதுப்பித்துத் திறந்திருக்கிறார்கள். பழைய பொய்க் கூரையைப் பிய்த்துவிட்டு, ஏசி குழாயும் ஒயரும் தெரிகிற மாதிரி மேலே முழுக்கக் கறுப்பு பெயிண்ட். தரையில் மரப்பலகை டிசைன் டைல்ஸ். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அரை கிலோ உளுந்து வாங்கி வருவதற்குள் கால் கடுத்துவிடுகிறது.

முன்பு பருப்பு, புளி, மிளகாய் எல்லாம் ஒரே வரிசை. இப்போது உளுந்து ஒரு கோடி, இட்லி அரிசி இன்னொரு கோடி. வெல்லம் 'ஆர்கானிக்' பக்கம் போய்விட்டது. சர்க்கரை கேக் மாவோடு குடித்தனம் நடத்துகிறது. கற்பூரம் கேட்டால் ரூம் ஸ்பிரே பக்கம் கை காட்டுகிறார்கள். வேலை செய்யும் பெண்களுக்கே இன்னும் இடம் பிடிபடவில்லை, பாவம்.

ஆளைச் சுற்றவிடுவது இந்த வியாபாரத்தோடு பிறந்த வித்தை. 1916-ல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் திறந்த 'பிக்லி விக்லி'தான் சுயசேவைக் கடைகளுக்கு முன்னோடி. அங்கேயே, உள்ளே நுழைந்தவர் எல்லா வரிசையையும் கடந்துதான் காசு கொடுக்கும் இடத்துக்கு வரமுடியும். ஆனாலும் அங்கே வழி ஒன்றுதான். இங்கே வழியே தெரியவில்லை.

காய்கறிப் பகுதிதான் மோசம். தலைக்கு மேல் தொங்கும் மஞ்சள் விளக்கில் எல்லாத் தக்காளியும் பழுத்துச் சிவந்திருக்கிறது. கத்திரிக்காயில் காம்படியில் இருக்கும் பூச்சி ஓட்டை கண்ணுக்குப் படுவதில்லை. நான் வாசல் கண்ணாடிப் பக்கம் எடுத்துப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் எடை போடக் கொடுக்கிறேன். செக்யூரிட்டி முறைக்கிறார், முறைக்கட்டும்.

கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று 2021-ல் நம் சட்டப்பேரவையில் சட்டத் திருத்தமே நிறைவேறியது. புது பில் கவுண்டரில் ஸ்டூல் போட இடமில்லை. அந்தப் பெண் நின்றபடியே பில் போடுகிறாள். வாங்க வரும் வயதானவர்களுக்கு இருந்த நாற்காலிகளையும் எடுத்துவிட்டார்கள்.

காய்கறிக்கு மேலே வெள்ளை விளக்கு, வரிசைக்கு வரிசை தமிழில் பெரிய பலகை, உட்கார நாலு நாற்காலி. இவ்வளவுதான் மேலாளரிடம் கேட்டேன். "ஹெட் ஆபீஸ் டிசைன் மேடம், எங்க கையில இல்ல" என்றார். அந்த ஹெட் ஆபீஸிலும் உங்கள் பத்திரிகை வாங்குவார்கள் என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

– வாசகி, திருச்சி