விடை கைவசம் இல்லாத ஒரு சிறிய கேள்வி

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இளநிலைப் பொறியியல் மாணவர்களை ஆய்வுக்குப் பழக்கும் பொறுப்பைத் துறையில் உன்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள் என்று படித்தபோது மிகவும் மகிழ்ந்தேன். இங்கே நானும் சில காலமாக அதே வேலையில்தான் ஈடுபட்டிருக்கிறேன். ஆகவே உன் கடிதம் தக்க நேரத்தில் வந்தது. இறுதியாண்டுப் புராஜெக்ட் ஏற்கெனவே பாடத்திட்டத்தில் இருக்கும்போது ஆய்வு என்று தனியாக ஒன்று எதற்கு என உன் சக ஆசிரியர்கள் கேட்பதாக எழுதியிருந்தாய். அதற்கு என் மனத்தில் இருக்கும் பதிலைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

புராஜெக்டில் மாணவன் ஒரு பொருளைச் செய்கிறான். அது இயங்கிவிட்டால் வேலை முடிந்தது. நல்ல பயிற்சிதான், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அது ஏன் இயங்குகிறது, எந்த நிலைமையில் இயங்காமல் போகும், முன்பிருந்ததைவிட எவ்வளவு மேல், அந்த 'எவ்வளவு' என்பதை எந்த அளவுக்கு நம்பலாம் என்ற கேள்விகளை அங்கே யாரும் கேட்பதில்லை. ஆய்வகப் பாடத்தின் நிலையோ இன்னும் கவலை தருவது. அங்கே விடை முன்கூட்டியே எல்லோருக்கும் தெரியும். புத்தகத்தில் உள்ள எண்ணுக்கு அருகில் வந்தால் மதிப்பெண், விலகினால் திட்டு என்றிருக்கும்போது, மாணவர்கள் விடையை முதலில் எழுதிக்கொண்டு அதற்கேற்ற அளவீடுகளைப் பின்னால் நிரப்பப் பழகிவிடுகிறார்கள். ரெக்கார்டு நோட்டு அழகாக இருக்கிறது. ஆனால் அளவீடு என்பது நமக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லக்கூடும் என்ற எண்ணமே அவர்களுக்கு வராமல் போகிறது. நாம் முதலில் மாற்ற வேண்டியது இந்தப் பழக்கத்தைத்தான் என்று உறுதியாக நம்புகிறேன். ஆசிரியருக்கும் விடை தெரியாத ஒரு கேள்வியை, சிறியதாக இருந்தாலும், மாணவன் கையில் கொடுத்தால் அது தானாக மாறத் தொடங்குகிறது.

அந்தக் கேள்வியைத் தேர்ந்தெடுப்பதில்தான் நம் உழைப்பில் பெரும்பகுதி செல்ல வேண்டும். மாணவர்கள் தாமாகக் கொண்டுவரும் தலைப்புகள் பெரும்பாலும் மிகப் பெரியவை: சூரிய மின்தகட்டின் திறனை உயர்த்துதல், செயற்கை நுண்ணறிவால் நோயைக் கண்டறிதல் என்பன போன்றவை. இவற்றைத் தள்ளிவிடாதே, கேட்டுக் கேட்டுச் சிறிதாக்கு. மின்தகடு பற்றி ஆர்வத்தோடு வந்த ஒரு குழுவோடு பேசிப் பேசி, 'மேலே படியும் தூசியால் ஏற்படும் மின்னிழப்பு, தகட்டின் சாய்வுக் கோணத்தோடு எப்படி மாறுகிறது' என்ற அளவுக்குக் கொண்டுவந்தோம். கேட்பதற்கு எளிய கேள்வி. ஆனால் சிலிக்கான் தகட்டின் வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் அதன் மின்திறன் ஏறத்தாழ 0.4 சதவீதம் குறையும். பத்து டிகிரி வேறுபாடு இருந்தால் 4 சதவீதம் வெப்பத்தாலேயே போய்விடும். தூசியின் விளைவும் அதே அளவில் இருக்குமானால் எது எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. இதை நான் முதலிலேயே சொல்லிவிடவில்லை. அழுக்குத் தகட்டை ஒரு நாளும் சுத்தமான தகட்டை மறுநாளும் அளந்து, வெயிலும் சூடும் வெவ்வேறாக இருந்ததைப் பார்த்த பிறகு, இரண்டு தகடுகளை அருகருகே வைக்க வேண்டும் என்று அவர்களே சொன்னார்கள். பிறகு அந்த இரண்டு தகடுகளும் உண்மையில் ஒரே மாதிரியானவைதாமா என்ற ஐயம் வந்தது. இரண்டையும் துடைத்துவிட்டு அளந்தார்கள், இடம் மாற்றி வைத்து அளந்தார்கள், அளவுகருவிகளையும் மாற்றிப் பார்த்தார்கள். ஒப்பீட்டுச் சோதனை என்றால் என்ன என்பதை எந்த விரிவுரையும் இவ்வளவு ஆழமாக அவர்களுக்குக் கற்பித்திருக்காது.

அளவீட்டின் நிச்சயமின்மை பற்றிய பாடமும் இப்படித்தான் உள்ளே செல்ல வேண்டும். மூன்று உலோக மாதிரிகளை இழுத்து உடைத்துச் சராசரி எழுதிக்கொண்டு வருபவனிடம், அந்த மூன்று எண்களுக்கு இடையே உள்ள பரவலையும் எழுதச் சொல். சராசரியின் பிழையைப் பாதியாக்க வேண்டுமென்றால் நான்கு மடங்கு மாதிரிகள் தேவை என்ற வாய்பாடு, அடுத்த மாதிரியைக் கையால் அறுத்துத் தேய்க்க வேண்டியவனுக்கு உடலிலேயே புரியும்.

ஆய்வுக்கட்டுரைகளைப் படிக்க வைப்பது எப்படி என்று கேட்டிருந்தாய். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை பாடநூல்போலப் படிக்கத் தொடங்கி, இரண்டாம் பக்கத்தில் சோர்ந்து மூடிவைப்பதே எங்கும் நடக்கிறது. கணினி வலையமைப்பு ஆய்வாளர் எஸ். கேசவ் 2007இல் இதைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதியிருக்கிறார். மூன்று சுற்றுகளாகப் படிக்கச் சொல்கிறார். முதல் சுற்றில் ஐந்து முதல் பத்து நிமிடங்களுக்குள் தலைப்பு, சுருக்கம், முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை ஆகியவற்றை மட்டும் பார்ப்பது. இரண்டாம் சுற்றில் படங்களையும் வரைபடங்களையும் கூர்ந்து கவனித்து முழுவதையும் படிப்பது. தேவையானால் மட்டும் மூன்றாம் சுற்றில் அந்த ஆய்வை நாமே மனத்தில் மறுபடி கட்டிப் பார்ப்பது. இதோடு ஒன்றை மட்டும் நான் சேர்ப்பேன்: கட்டுரையில் உள்ள ஒரே ஒரு வரைபடத்தை எடுத்து, அதன் அச்சுகள் என்ன, புள்ளிகள் எப்படி வந்தன, எது காட்டப்படவில்லை என்று மாணவன் கரும்பலகை முன் நின்று விளக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலிகளிடம் கேட்டுப் பெறும் கட்டுரைப் பட்டியல்களில், இல்லாத கட்டுரைகளும் கலந்துவிடுகின்றன. எனவே மேற்கோள் காட்டும் ஒவ்வொன்றையும் தானே திறந்து படித்திருக்க வேண்டும் என்பதை முதல் நாளிலேயே விதியாக்கிவிடு.

இளநிலை மாணவரால் அப்படி என்ன கண்டுபிடித்துவிட முடியும் என்று கேட்பவர்களுக்கு நான் டயான் ஹார்ட்லியைப் பற்றிச் சொல்வது வழக்கம். நியூயார்க்கில் 1977இல் கட்டி முடிக்கப்பட்ட 59 மாடி சிட்டிகார்ப் கட்டடத்தின் பெருந்தூண்கள் மூலைகளில் இல்லை; நான்கு பக்கங்களின் நடுவில் நிற்கின்றன. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இளநிலைக் கட்டடப் பொறியியல் படித்த ஹார்ட்லி, 1978இல் தம் ஆய்வேட்டுக்காக இந்தக் கட்டடத்தை எடுத்துக்கொண்டு, மூலைவாட்டில் வீசும் காற்று என்ன செய்யும் என்றும் கணக்கிட்டார். அவருக்குக் கிடைத்த எண்கள் நேர்க்காற்றுக்கு உரியவற்றைவிடக் கூடுதலாக இருந்தன. வடிவமைப்பு நிறுவனத்தில் விசாரித்தார். கட்டடம் உறுதியானதே என்று பதில் வந்தது, ஆனால் அவர் கேட்ட கணக்கு வரவில்லை. அதே ஆண்டில் கட்டடத்தின் தலைமைக் கட்டமைப்புப் பொறியாளர் வில்லியம் லெமெஷரியர் மறுபடி ஆராய்ந்து, பற்றவைத்திருக்க வேண்டிய இணைப்புகள் போல்ட்டுகளால் முடுக்கப்பட்டிருந்ததால் வலுக்குறைவாக இருப்பதைக் கண்டார். இரவு நேரங்களில் இணைப்புகளின் மேல் எஃகுத் தகடுகள் பற்றவைக்கப்பட்டன. 1995 வரை வெளியுலகுக்கு இது தெரியாது. லெமெஷரியரை மறுபடி கணக்குப் பார்க்கத் தூண்டியது எந்த மாணவரின் கேள்வி என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. மூலைவாட்டுக் காற்று அத்தனை ஆபத்தானதா என்பதையே பிற்கால ஆய்வுகள் கேள்விக்கு உள்ளாக்கியிருக்கின்றன. இந்தப் பின்கதையையும் மாணவர்களிடம் மறைக்காமல் சொல்கிறேன். தம் எண்ணும் பெரியவர்களின் சொல்லும் ஒத்துப்போகாதபோது தம் எண்ணை அழித்துவிடாமல் கணக்கைக் கேட்டாரே, அந்த ஒரு செயலுக்காகத்தான் ஹார்ட்லியை எடுத்துக்காட்டுகிறேன்.

இனி நடைமுறை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்ஐடி) மார்கரெட் மக்விகார் 1969இல் தொடங்கிய இளநிலை ஆய்வுத் திட்டத்தில், மாணவர்கள் ஆசிரியர்களின் உண்மையான ஆய்வுகளில் சேர்ந்து, பாட மதிப்புக்காகவோ ஊதியத்துக்காகவோ உழைக்கிறார்கள். அதில் எனக்கு முக்கியமாகப் படுவது 'உண்மையான' என்ற பகுதிதான். பயிற்சிக்கென்று ஒரு பொம்மை ஆய்வை உண்டாக்காதே. துறையில் நடக்கும் வேலையிலிருந்தே ஒரு துண்டை எடுத்துக்கொடு. இறுதியாண்டு வரை காத்திருக்கவும் வேண்டாம். வேலைவாய்ப்பு நேர்காணல்களுக்கு நடுவே யாருக்கும் மனம் நிலைக்காது. இரண்டாம் ஆண்டின் பிற்பகுதியில் தொடங்கினால், தோற்று மறுபடி செய்வதற்கு நேரம் இருக்கும். வாரம் ஒரு முறை நீயே அவர்களோடு உட்கார வேண்டும். முனைவர் பட்ட மாணவர்களிடம் முழுவதையும் விட்டுவிட்டால், இளையவர்கள் அவர்களுக்குக் கருவி துடைத்துக் கொடுப்பவர்களாகவே முடிந்துவிடுவார்கள். நோட்டுப் புத்தகத்தில் அன்றன்றைக்கே பேனாவால் எழுதட்டும். தவறான அளவீட்டை ஒற்றைக் கோட்டால் அடித்துக் காரணம் எழுதட்டும்.

ஒன்றில் மட்டும் நீ விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆண்டு முடிவில் எத்தனை கட்டுரைகள் வெளியாயின என்று உன்னிடம் கேட்பார்கள். பணம் வாங்கிக்கொண்டு மதிப்பாய்வு இல்லாமலே அச்சிடும் இதழ்கள் இருக்கும்வரை, அந்த எண்ணிக்கையை யார் வேண்டுமானாலும் காட்டலாம். அதைக் காட்டத் தொடங்கிய நாளில் மாணவர்கள் நம்மிடமிருந்து கற்பது வேறு பாடமாகிவிடும். அதற்குப் பதிலாக ஆறு பக்க அறிக்கை ஒன்றும், எதிர்பார்த்தது நடக்கவில்லை என்றால் அதையும் வெளிப்படையாகச் சொல்லும் ஒரு பொது உரையும் போதும் என்று துறைத்தலைவரிடம் முன்னதாகவே பேசிவை. தூசிக் குழுவின் முதல் முடிவுகள் நாங்கள் நினைத்ததற்கு மாறாக வந்திருக்கின்றன. குறைந்த சாய்வில்தான் இழப்பு கூடுதலாக இருக்கும் என்று எண்ணியிருந்தோம், கோணங்களுக்கு இடையே உள்ள வேறுபாடோ அளவீட்டுப் பிழைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அவர்கள் மனம் தளரவில்லை. இன்னும் நீண்ட காலம் அளக்க அனுமதி கேட்கிறார்கள்.

உன் மாணவர்கள் கொண்டுவரும் தலைப்புகளை, சிறிதாக்குவதற்கு முன் உள்ள வடிவிலேயே எனக்கு அனுப்பு. என் குறிப்புகளை எழுதித் திருப்பி அனுப்புகிறேன். வீட்டில் அனைவரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்