அந்த இருமலைக் கவனித்துக் கேள்

அன்பு மகளுக்கு,

நாய் இருமி இருமி, கடைசியில் ஓங்கரித்து வெள்ளை நுரையைக் கக்குகிறது என்று எழுதியிருந்தாய். பயப்படாதே, ஆனால் அசட்டையாகவும் இருந்துவிடாதே. நீ சொல்வதைப் பார்த்தால் வாந்தி மாதிரி தெரியவில்லை. வாந்தி என்றால் வயிறு எக்கி எக்கி இழுக்கும், சாப்பிட்டதோ பித்தநீரோ வெளியே வரும். இருமல் நெஞ்சிலிருந்து வரும். தொண்டை எரிச்சலால் முடிவில் ஓங்கரிப்பதும் சகஜம்.

போன வாரம்தானே அதை நாய் விடுதியில் விட்டுவிட்டு ஊருக்குப் போனாய்? பல நாய்கள் கூடுகிற இடத்தில் ‘கென்னல் காஃப்’ என்கிற தொற்று இருமல் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். தொற்றிய 2 நாளிலிருந்து 14 நாளுக்குள் வாத்து கத்துவதுபோல வறட்டு இருமல் ஆரம்பிக்கும். நன்றாகச் சாப்பிட்டு ஓடியாடுகிற நாய்க்குப் பெரும்பாலும் 1 முதல் 3 வாரத்தில் தானே அடங்கிவிடும். அதுவரை மற்ற நாய்கள் பக்கம் விடாதே. கழுத்துப் பட்டையையும் கழற்றிவிட்டு, மார்பைச் சுற்றி மாட்டுகிற பட்டை போடு. பொமரேனியன் போன்ற சிறிய நாய்களுக்கு மூச்சுக்குழாய் தளர்ந்து தட்டையாகிற தொல்லை உண்டு. கழுத்தை இழுத்தால் இருமல் இன்னும் கூடும்.

எனக்கு இதைவிடக் கவலை, அதற்கு 9 வயதாகிவிட்டதே என்பதுதான். வயதான சிறிய நாய்க்கு இதய வால்வு பழுதாகிற நோய் வரலாம், அதிலும் இருமல் வரும். அது அசந்து தூங்கும்போது பக்கத்தில் உட்கார். விலா ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. ஒரு நிமிடம் முழுக்க எண்ணு. 30-க்குள் இருந்தால் சரி. திரும்பத் திரும்ப அதைத் தாண்டினால் அன்றைக்கே டாக்டரிடம் போ.

ஈறு நீலம் பாய்ந்தாலோ வெளுத்தாலோ, மூச்சுக்குத் திணறினாலோ, வாயை முன்னங்காலால் பிறாண்டினாலோ நிமிடம்கூடத் தாமதிக்காதே. வயிறு உப்பி, ஓங்கரித்தும் ஒன்றுமே வெளியே வராவிட்டாலும் அப்படித்தான், ராத்திரியானாலும் கிளம்பு.

நம் இருமல் மருந்தை மட்டும் கொடுத்துவிடாதே. சிலவற்றில் சேர்க்கிற சைலிடால் என்ற இனிப்பு நாய்க்கு விஷம், பாராசிட்டமாலும் ஆபத்து.

டாக்டர் முன்னால் போனால் நாய் சமர்த்தாக நின்றுவிடும், இருமவே இருமாது. அதனால் அடுத்த தடவை இருமும்போது முதலில் வீடியோ எடு. எனக்கும் அனுப்பு, பார்க்கிறேன்.

அம்மா