டீ விலை ஏறல சார், இறங்குச்சு

ஆசிரியருக்கு வணக்கம்,

போன இதழ்ல அமெரிக்காவுல பாஸ்டன் துறைமுகத்துல டீயை கடல்ல கொட்டின கதை வந்துச்சே, அத கடையில உக்காந்து ரெண்டு தடவ படிச்சேன். நல்லாத்தான் எழுதியிருக்காங்க, ஆனா டீக்கு வரிய ஏத்தினதால ஜனங்க கொதிச்சுப் போய் கொட்டிட்டாங்கன்னு ஒரு வாக்கியம் இருக்கு பாருங்க, அது தப்பு. 20 வருஷத்துக்கு மேல டீக்கடை வச்சிருக்கேன், அதனாலயே இந்த ஒரு விஷயத்த மட்டும் தேடித் தேடிப் படிச்சு வச்சிருக்கேன்.

அப்போ அமெரிக்கா பிரிட்டிஷ்காரங்க ஆட்சியில இருந்துச்சு, 1773ல லண்டன் பார்லிமென்ட் போட்ட சட்டத்துல வரி ஏறவே இல்ல. ராத்தலுக்கு, அதாவது அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கம்மிக்கு, 3 பென்ஸ் வரிங்கறது 1767லயே வந்தது, அப்போ கண்ணாடி, பேப்பர், பெயின்ட், ஈயம்னு எல்லாத்துக்கும் சேத்துப் போட்டாங்க, உங்க சாமானே வேணாம்னு அமெரிக்காக்காரங்க நின்னதும் 1770ல மத்ததையெல்லாம் எடுத்துட்டு டீக்கு மட்டும் விட்டு வச்சாங்க. வரி போடற உரிமை எங்ககிட்டதான் இருக்குன்னு காட்டணும்ல, அதுக்குத்தான். இதுக்கு முன்னாடி 1765ல பத்திரிகை, கோர்ட் பத்திரம், சீட்டுக்கட்டு வரைக்கும் முத்திரை வரி போட்டு, உங்கள மாதிரி பத்திரிகை நடத்தறவங்களே எதிர்த்து நின்னதுல அடுத்த வருஷமே வாபஸ் வாங்கினாங்க, வாங்கின கையோட, எந்தச் சட்டம் வேணா போட எங்களுக்கு அதிகாரம் உண்டுன்னு இன்னொரு சட்டமும் போட்டுக்கிட்டாங்க!

கிழக்கிந்தியக் கம்பெனி, அதான் நம்ம சென்னை கோட்டையில இருந்த அதே கம்பெனி, லண்டன் குடோன்ல டீய மலையா குவிச்சு வச்சுக்கிட்டு கடன்ல முழிச்சுது. அதக் காப்பாத்தத்தான் 1773 சட்டம். இங்கிலாந்துல கட்டற வரியத் திருப்பித் தர்றோம், லண்டன்ல ஏலம் விடாம நேரா அமெரிக்காவுக்கு அனுப்பி உன் ஏஜென்ட் வழியா வித்துக்கோன்னுட்டாங்க. விலை இறங்குது, ஆனா அந்த 3 பென்ஸ் மட்டும் அப்படியே நிக்குது, குடிச்சா வரிய ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். பாஸ்டன்ல ஏஜென்ட் ஆனவங்கள்ல ரெண்டு பேரு கவர்னர் ஹட்சின்சனோட பசங்க! அதுவரைக்கும் டீ வித்துக்கிட்டிருந்த வியாபாரி என்ன பண்ணுவான்? எனக்கு டீத்தூள் போடறவர கேட்டுப் பாருங்க, நடுவுல இருக்கறவன தூக்கிட்டா சும்மா இருப்பாரான்னு. டச்சு டீய திருட்டுத்தனமா இறக்கி சம்பாதிச்சவங்களும் இந்தக் கூட்டத்துல இருந்தாங்க, அதையும் மறைக்க வேணாம். சுதந்திரம் சுதந்திரம்னு பேசினவங்க வீட்டுலயே அடிமைங்க இருந்தது தனிக் கதை.

1773 டிசம்பர் 16 ராத்திரி நடந்தத உங்க கட்டுரை நாலு வரியில முடிச்சுட்டாங்க, அதான் எனக்கு வருத்தம். கப்பல் வந்து 20 நாளைக்குள்ள வரி கட்டலன்னா சுங்க ஆபீஸ்ல சரக்க எடுத்துக்குவாங்க, முதல் கப்பலுக்கு மறுநாளோட கெடு முடியுது, கவர்னரோ கப்பல் திரும்பிப் போக அனுமதி தரல. அதனால வரிய எதிர்த்த ஊர்க்காரங்க மொஹாக்குங்கற அமெரிக்கப் பழங்குடி வேஷம் போட்டுக்கிட்டு மூணு கப்பல்ல ஏறி சுமார் 340 பெட்டி, 40 டன்னுக்கு மேல டீ, மூணு மணி நேரத்துல காலி. பெரிய பெட்டி ஒண்ணே 150 கிலோவுக்கு மேல இருக்கும், உள்ள ஈயத்தகடு வேற, கோடாலியால பொளந்துதான் கொட்டினாங்க. அன்னைக்கு தண்ணி வத்தின நேரம், கொட்டின இலை கப்பலுக்குப் பக்கத்துலயே வைக்கோல்போர் மாதிரி குவிஞ்சுடுச்சு, மறுநாள் காலையில படகுல போய் துடுப்பால அடிச்சு முக்கினாங்க. கோட்டு லைனிங்ல டீய ஒளிச்ச ஒருத்தன புடிச்சு கோட்டக் கிழிச்சு ஒதைச்சிருக்காங்க, வேற சாமான்ல கை வைக்கல, ஒடைஞ்ச பூட்டு ஒண்ணுக்கு பதிலா புதுப் பூட்டு வாங்கிக் குடுத்தாங்க.

அப்புறம் அது அஸ்ஸாம் டீ இல்ல சார். எல்லாமே சீனா இலை, இந்தியாவுல தேயிலைத் தோட்டம் வந்ததே 1830களுக்கு மேலதான். நீங்க போட்ட படத்துல பெட்டி மேல அஸ்ஸாம்னு எழுதியிருக்கு. வரி விஷயத்தையும் படத்தையும் சேத்து அடுத்த இதழ்ல ஒரு திருத்தம் போட்டுடுங்க, எங்க கடைக்கு வர்ற காலேஜ் பசங்க உங்க கட்டுரைய வச்சு என்கிட்ட பந்தயம் கட்டியிருக்கானுங்க.

இப்படிக்கு,
டீக்கடைக்கார வாசகர்,
திண்டுக்கல்