சுட்டவனைப் பற்றி இவ்வளவு, இறந்தவர்களைப் பற்றி ஒரு வரியா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், யூத ஜெப ஆலயத்தில் 2018 அக்டோபர் 27 அன்று நடந்த படுகொலை பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். சுட்டவன் யார், இணையத்தில் என்ன எழுதினான், 2023-இல் அவனுக்குக் கிடைத்த மரண தண்டனை என்று எல்லாம் விரிவாக இருந்தன. இறந்தவர்கள் மட்டும் ‘11 பேர்’ என்பதோடு முடிந்துவிட்டார்கள். படித்து முடித்ததும் மனசு ஆறவில்லை.

அந்தப் பதினொரு பேரில் ஜெரி ராபினோவிட்ஸ் ஒரு குடும்ப மருத்துவர். எய்ட்ஸ் என்றாலே தொடப் பயந்த காலத்தில், கையுறை போடாமல் நோயாளிகளின் கையைப் பிடித்துக்கொள்வாராம். கிளம்பும்போது கட்டியணைத்துத்தான் அனுப்புவாராம். அவரிடம் சிகிச்சை பெற்ற ஒருவரே இதை எழுதியிருக்கிறார். அன்று காலையும் அடிபட்டவர்களுக்கு உதவப் போனபோதுதான் குண்டடி பட்டு இறந்தார்.

செசில், டேவிட் ரோசந்தால் இருவரும் அண்ணன் தம்பி. அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்கள். ஆலய வாசலில் நின்று, வருகிறவர்களை வாய் நிறைய வரவேற்றுப் பிரார்த்தனைப் புத்தகத்தை எடுத்துக் கொடுப்பார்கள். ஆலயம் இருக்கும் ஸ்குவிரல் ஹில் பகுதியின் மேயர் என்றே செசிலை அங்குள்ள மக்கள் செல்லமாக அழைத்தார்கள். அப்புறம் சில்வன், பெர்னிஸ் சைமன் தம்பதி. 1956-இல் அவர்களுக்குக் கல்யாணம் நடந்ததும் அதே ஆலயத்தில்தான். ரிச்சர்ட் காட்ஃப்ரிட் பல் மருத்துவர். கத்தோலிக்க அமைப்பு ஒன்று நடத்தும் இலவச மருத்துவமனையில் வசதி இல்லாதவர்களுக்குச் சிகிச்சை அளித்தவர். ரோஸ் மாலிங்கர் 97 வயதிலும் தவறாமல் பிரார்த்தனைக்கு வந்துகொண்டிருந்தார்.

யூதர்கள் என்பதற்காகவே இவர்கள் கொல்லப்பட்டார்கள். அகதிகளுக்கு உதவும் யூத அமைப்பின் மேல் கொலைகாரனுக்கு இருந்த ஆத்திரத்தையும் எழுதத்தான் வேண்டும், சரி. ஆனால் முகம் பாராமல், பெயர் கேளாமல் சுட்டவன் அவன். நாமும் பெயரை விட்டுவிட்டால் எப்படி?

நம் நாட்டிலும் இதே நிலைதான். 2008 மும்பைத் தாக்குதல் என்றால் கசாப் பெயர் எல்லோருக்கும் தெரியும். கொலாபாவில் நரிமன் ஹவுஸ் என்ற யூத மையத்தில் கொல்லப்பட்ட கேவ்ரியல், ரிவ்கா ஹோல்ட்ஸ்பெர்க் தம்பதியை எத்தனை பேருக்குத் தெரியும்? ஊர் சுற்றிப் பார்க்க வந்த யூத இளைஞர்களுக்கு, முன்பின் தெரியாதவர்களாக இருந்தாலும், வெள்ளிக்கிழமை இரவு தங்கள் வீட்டில் விருந்து வைத்தவர்கள் அவர்கள்.

வரும் நவம்பர் இதழில் அந்த இருவரைப் பற்றியும், அதே வீட்டில் இறந்த மற்ற நால்வரைப் பற்றியும் ஒரு கட்டுரை வெளியிடுங்கள். எப்படிச் செத்தார்கள் என்பது ஒரு பத்தியில் இருந்தால் போதும்.

தங்கள் வாசகி,
கும்பகோணம்