கடைக்கு எத்தனை மொழி?

கரூர்

அன்புள்ள சுந்தரம்,

உன் தீபாவளிக் கடிதத்துக்கு இத்தனை தாமதமாகப் பதில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள். இங்கே அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி தணிந்து, மாலையில் கோயில் வரை நடந்து திரும்பும் அளவுக்குத் தேறிவிட்டார். தலைமையாசிரியரையும் அங்கேதான் பார்த்தேன். என் நலம் விசாரிப்பதற்கு முன்பே உன்னையும் அந்தப் பச்சைச் சைக்கிளையும் கேட்டுவிட்டார்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த முறை உன் கருத்து மட்டும் போதாது, உன் உழைப்பும் வேண்டும்.

2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியப் பொருள்கள் மீதான அமெரிக்கக் கூடுதல் வரி 50 சதவீதமானதும், 29ஆம் தேதி முதல் 800 டாலர் வரையிலான பொட்டலங்களுக்கு இருந்த வரிவிலக்கு நின்றுபோனதும் எங்கள் இணையக் கடையை எப்படி உலுக்கின என்பதை உன்னிடம் தொலைபேசியில் சொல்லியிருக்கிறேன். அந்த வரி பிறகு ஏறினாலும் இறங்கினாலும், ஒரே நாட்டை நம்பிப் படுக்கை விரிப்பும் தலையணை உறையும் தைத்துக்கொண்டிருப்பதில்லை என்று அன்றே முடிவு செய்துவிட்டோம். ஐரோப்பாவுக்குப் போவது, அதற்கு ஆங்கிலம் மட்டும் போதாது என்ற இரண்டிலும் வீட்டில் கருத்து வேறுபாடு இல்லை. எந்த மொழி, எத்தனை மொழி என்பதில்தான் எனக்கும் பெரியவனுக்கும் இரவுச் சாப்பாடு ஆறிப்போகும் அளவுக்கு வாக்குவாதம் நடக்கிறது.

அவன் பன்னிரண்டு மொழிகள் என்கிறான். மென்பொருள் நொடியில் மொழிபெயர்த்துவிடும், செலவும் பெரிதாக இல்லை, பிறகு ஏன் தயங்க வேண்டும் என்பது அவன் வாதம். 29 நாடுகளில் நுகர்வோரிடம் நடத்தி 2020இல் வெளியிட்ட ஓர் ஆய்வையும் எடுத்துக் காட்டினான். தம் மொழியில் விவரம் உள்ள பொருளையே விரும்புவோர் 76 சதவீதம், வேற்றுமொழித் தளத்தில் ஒருபோதும் வாங்காதவர்கள் 40 சதவீதம் என்கிறது அது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த எண்கள் மொழி வேண்டும் என்பதைத்தான் சொல்கின்றனவே தவிர, கரூரில் இருக்கும் ஒரு சிறு கடை எந்த மொழியை ஏற்க வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. அவன் பட்டியலோ உலகில் அதிகம் பேர் பேசும் மொழிகளின் வரிசையாக இருக்கிறது. ஸ்பானிஷ் இருபது நாடுகளில் ஆட்சிமொழி என்பது உண்மைதான். அந்த நாடுகளுக்கெல்லாம் ஒரு தலையணை உறையை அனுப்ப ஆகும் அஞ்சல் செலவையும், அங்கங்கே பணம் செலுத்தும் முறைகளையும், சுங்க நடைமுறைகளையும் யார் கணக்கிட்டார்கள்? பேசுபவரின் எண்ணிக்கையைப் பார்த்து மொழியைத் தேர்ந்தால், கையில் பணத்துடன் வாசல்வரை வந்து திரும்பிப் போகிறவரைக் காணத் தவறிவிடுவோம்.

அப்படித் திரும்பிப் போகிறவர்கள் யார் என்று தளத்தின் வருகைப் பதிவில் தேடினேன். ஜெர்மனியிலிருந்து வருகிறவர்கள் படங்களைப் பார்க்கிறார்கள், அளவுகளின் பக்கத்தைத் திறக்கிறார்கள், அங்கேயே விலகிவிடுகிறார்கள். காரணம் மொழி மட்டுமன்று, சுந்தரம். ஜெர்மானியரின் வழக்கமான தலையணை 80க்கு 80 சென்டிமீட்டர், போர்வை உறை 135க்கு 200. நாங்களோ அமெரிக்க அளவுகளை அங்குலத்தில் போட்டு வைத்திருக்கிறோம். அதே ஜெர்மன் பேசும் ஆஸ்திரியாவில் தலையணை 70க்கு 90. சுவிட்சர்லாந்தில் போர்வை உறை 160க்கு 210. உன் பிரெஞ்சுக்காரர்களுக்கு 65க்கு 65. ஒரு மொழியைச் சேர்ப்பதென்றால் வெட்டு மேசையில் அளவை மாற்ற வேண்டும், கிடங்கில் தனி அடுக்கு ஒதுக்க வேண்டும், விலையில் தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போட வேண்டும். பன்னிரண்டு மொழி கேட்கிறவனிடம் பன்னிரண்டு அடுக்குக்கு இடம் எங்கே என்று கேட்டேன். அன்றைக்கு அவன் பதில் பேசவில்லை.

ஆனால் என் உண்மையான கவலை வேறு. ஒரு மொழியில் கடையைத் திறந்துவிட்டால், அந்த மொழியில் வருகிற முறையீட்டுக்கும் நாம்தான் பதில் சொல்ல வேண்டும். ஐரோப்பிய நீதிமன்றம் 2010 டிசம்பரில் அளித்த தீர்ப்பு ஒன்றில், ஒரு வணிகர் தம் தளத்தை வேறொரு நாட்டு நுகர்வோரை நோக்கி நடத்துகிறாரா என்பதை அறியும் அடையாளங்களுள் தளத்தின் மொழியையும் நாணயத்தையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறது. அதன்படி பார்த்தால் ஜெர்மன் பக்கத்தை வெளியிடும் நாளிலேயே ஜெர்மானிய நுகர்வோரின் உரிமைகளுக்கு நாம் கட்டுப்படத் தொடங்குகிறோம். இணையத்தில் வாங்கியதைக் காரணம் சொல்லாமலே 14 நாள்களுக்குள் திருப்பித் தரும் உரிமை அங்கே உண்டு. அந்த உரிமையை வணிகர் முறையாகத் தெரிவிக்காவிட்டால் அந்தக் காலம் மேலும் 12 மாதங்கள் நீளும். அந்தப் பத்தியை மென்பொருள் பிசகாக மொழிபெயர்த்திருந்தால் அதைக் கண்டுபிடிக்க நம் அலுவலகத்தில் யார் இருக்கிறார்கள்? துணியின் இழை விவரமும் விற்கப்படும் நாட்டின் ஆட்சிமொழியில் இருந்தாக வேண்டும். 2024 டிசம்பர் 13 முதல், பொருளின் பாதுகாப்புக்குப் பொறுப்பேற்கும் ஒருவர் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளேயே இருக்க வேண்டும் என்ற விதியும் நடப்புக்கு வந்துவிட்டது. இவற்றை நான் குறையாகச் சொல்லவில்லை. நம்மிடம் பணம் கொடுத்து வாங்குகிறவருக்கு அவருடைய மொழியில் நேர்மையான பதில் கிடைக்க வேண்டும் என்பது நியாயம்தானே.

எனவே என் முடிவு இரண்டு மொழிகள்: முதலில் ஜெர்மன், அடுத்து பிரெஞ்சு. இந்த இரண்டும் இருந்தால் சுவிட்சர்லாந்தின் பெரும்பகுதியும் வந்துவிடும். 2024 ஜனவரி முதல் அந்நாடு தொழிற்பொருள்களுக்கு இறக்குமதி வரியே வாங்குவதில்லை. ஜெர்மனுக்கு ஆள் கிடைத்துவிட்டார். ஜெர்மன் கற்பிக்கும் சென்னை மாக்ஸ்முல்லர் பவனில் சி1 என்னும் உயர்நிலை வரை படித்து, கல்யாணத்துக்குப் பிறகு ஊருக்கு வந்திருக்கும் நம் அடுத்த தெருப் பெண். பக்கங்களை மென்பொருள் முதலில் மொழிபெயர்க்கட்டும், ஆனால் அவர் வரிவரியாகத் திருத்தாமல் எதுவும் வெளியே போகக்கூடாது என்று ஏற்பாடு. வாடிக்கையாளர் கடிதங்களுக்கும் அவரே பதில் எழுதுவார்.

நெதர்லாந்து, சுவீடன் ஆகியவற்றுக்கு இழை விவரத்தையும் கட்டாயக் குறிப்புகளையும் மட்டும் அவர்கள் மொழியில் கொடுத்துவிட்டு, மற்றதை ஆங்கிலத்தில் விடலாம். அரபுக்குப் பக்க அமைப்பையே வலமிருந்து இடமாகத் திருப்ப வேண்டும். துபாயிலிருந்து வரும் ஆர்டர்களோ ஆங்கிலத்திலேயே நன்றாக நடக்கின்றன. ஜப்பானிய மொழிமீது மட்டும் எனக்கு மிகுந்த ஆசை இருக்கிறது. நெசவின் நுணுக்கத்தை ஜப்பானியர் பார்க்கும் விதம் தனி. ஆயினும் அந்த மொழியின் மரியாதை நடையில் பிழையின்றிக் கடிதம் எழுத ஒருவர் கிடைக்கும்வரை அந்தக் கதவைத் திறக்க மாட்டேன். சின்னவனின் மகள் சென்னையில் ஜப்பானியத் தேர்வுக்குப் படிக்கிறாள், பார்க்கலாம்.

பிரெஞ்சுக்கு நீதான். பிரான்சின் 1994ஆம் ஆண்டு மொழிச் சட்டப்படி பொருள் விளக்கம், உத்தரவாதம், ரசீது எல்லாமே அங்கே பிரெஞ்சில் இருக்க வேண்டும் என்பதை எனக்கு முதன்முதலில் சொன்னதே நீ. ஓய்வு பெற்றபின் புதுவைக் கடற்கரைச் சாலையில் நடப்பதைத் தவிர வேறு வேலை இல்லை என்று எழுதியிருந்தாய். அதை நான் அப்படியே நம்பிவிட்டேன், இனி நீ பின்வாங்க முடியாது. இதை நட்புக்காகச் செய்யும் உதவியாக வைத்துக்கொள்ள நான் விரும்பவில்லை. மாதச் சம்பளம், எழுத்து மூலமான ஒப்பந்தம், பிழை என்று நீ சொன்னால் நிறுத்திவைக்கும் அதிகாரம் மூன்றும் உனக்கு உண்டு. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் விற்பதைப் பற்றியும் உன் எண்ணத்தை எழுது. அங்கும் பிரெஞ்சுதான் என்றாலும், அளவுகள் அமெரிக்க வழக்கம் என்பதால் கையில் உள்ள சரக்கே அங்கு செல்லும் என்று தோன்றுகிறது.

அளவுப் பக்கமும், திருப்பி அனுப்பும் விதிகளும், மூன்று பொருள் விளக்கங்களும் இத்துடன் இருக்கின்றன. சிவப்பு மையால் தாராளமாகக் கிழித்துப் போடு. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உன்னால் ஒதுக்க முடியும், கோபத்துடன் வரும் ஒரு கடிதத்துக்கு மறுநாளுக்குள் பதில் எழுத முடியுமா என்பதை மட்டும் மறைக்காமல் சொல். முடியாதென்றால் பிரெஞ்சுப் பக்கத்தைத் தள்ளி வைக்கிறேன். வேறொருவரை அவசரத்துக்குப் பிடித்துப் போட மாட்டேன்.

தங்கை மகள் கல்யாணத்துக்கு நாங்கள் அனைவரும் வருகிறோம். மீதியை நேரில் பேசுவோம்.

அன்புடன்,
முருகேசன்