கூடுதல் வாரண்டி போடலாமா? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

டிவி வாங்க வந்து, வீட்டில் எல்லோரும் ஒத்துப்போய், விலையும் படிந்து, பில் போட உட்காரும் நேரத்தில் எங்கள் கடைப் பையன் ஒரு கேள்வி கேட்பான்: "அண்ணாச்சி, எக்ஸ்டெண்டட் வாரண்டி சேர்த்துரவா? ரெண்டு வருஷத்துக்குக் கவலையே இல்ல." கம்பெனி தரும் வாரண்டி முடிந்த பிறகும் ரிப்பேர் செலவைப் பார்த்துக்கொள்ளத் தனியாகக் காசு கட்டும் திட்டம் அது. பாதிப் பேர் யோசிக்காமல் தலையாட்டுவார்கள். மீதிப் பேர் எங்களையே கேட்பார்கள்: "நீங்க சொல்லுங்க, போடலாமா?" ஒவ்வொருவருக்கும் நின்று பேச தீபாவளிக் கூட்டத்தில் நேரம் இருப்பதில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதலில் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். அந்தத் திட்டத்தில் எங்களுக்குக் கமிஷன் உண்டு. நூறு ரூபாய்க்கு எவ்வளவு நிற்கிறது என்று பார்த்தால், டிவியைவிட அதில்தான் எங்களுக்கு அதிகம். 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்ததும், "மிச்சமான காசுல வாரண்டி போட்டுக்கலாமே" என்று சொல்லி நாங்களும் விற்றிருக்கிறோம். இனி பில் போடும்போது நாங்களாக அந்தக் கேள்வியைக் கேட்கப்போவதில்லை. நீங்கள் கேட்டால் சொல்வோம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். டிவி வாங்கும்போதே கம்பெனி வழக்கமாக ஓராண்டு வாரண்டி தருகிறது. சில கம்பெனிகள் பேனலுக்கு, அதாவது படம் தெரியும் திரைப் பகுதிக்கு மட்டும் இன்னும் ஓராண்டு சேர்த்துத் தருகின்றன. தயாரிப்பிலேயே கோளாறு இருந்தால் பெரும்பாலும் முதல் சில மாதங்களிலேயே தெரிந்துவிடும், அதைக் கம்பெனியே பார்த்துக்கொள்ளும். அதைத் தாண்டிய டிவி வழக்கமாகச் சில வருடங்கள் சத்தமில்லாமல் ஓடும். நீங்கள் காசு கொடுத்து வாங்கும் இரண்டாம், மூன்றாம் வருடம் அந்த அமைதியான காலத்தில்தான் வருகிறது. கூடுதல் வாரண்டி விற்கிறவர்களுக்குக் கட்டுப்படியாவது இதனால்தான்.

அப்படியானால் வேண்டவே வேண்டாமா? அப்படியும் சொல்ல முடியாது. எது கெட்டுப்போகும் என்பதைப் பொறுத்தது. சத்தம் கேட்கிறது, படம் தெரியவில்லை என்று வருகிறவர்களிடம், இருட்டில் திரைமேல் டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்வோம். உள்ளே படம் மங்கலாக ஓடினால், திரைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தரும் பேக்லைட் போயிருக்கிறது. ஒரு பட்டையில் வரிசையாக இருக்கும் எல்இடிகளில் ஒன்று போனாலே மொத்தமும் இருண்டுவிடும். சின்ன டிவியில் அதை மாற்றச் சில ஆயிரத்துக்குமேல் ஆகாது. டிவிக்குள் கரண்ட் கொடுக்கும் பவர் போர்டு போனாலும் உள்ளூர் மெக்கானிக்கே பார்த்துவிடுவார். பேனல் கதை வேறு. குறுக்கே கோடு விழுந்தால், பாதித் திரை கறுத்தால், பேனலையே மாற்ற வேண்டும். அதன் விலை டிவி விலையில் பாதியைத் தாண்டும்.

ஆக, கூடுதல் வாரண்டி என்பது பெரும்பாலும் பேனல்மேல் கட்டும் பந்தயம். 32 அங்குல டிவி 15,000 ரூபாய், திட்டம் 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எங்களைக் கேட்டால் வேண்டாம் என்போம். அந்த 2,000-ஐத் தனியாக எடுத்து வைத்தால் பேக்லைட் செலவுக்கு ஆகும், எதுவும் ஆகாவிட்டால் அடுத்த டிவிக்கு ஆகும். அதுவே 65 அங்குலம், ஒரு லட்சத்துக்குப் பக்கத்தில் விலை, பேனல் போனால் மறுபடி அவ்வளவு காசு புரட்டவே முடியாது என்றால், போடுவதில் தப்பில்லை. ஆனால் கம்பெனியே நேரடியாகத் தரும் திட்டமாகப் பாருங்கள்.

இதை அனுபவப்பட்டுத்தான் சொல்கிறோம். இரண்டாம் வருடத்தில் பேனலில் கோடு விழுந்த டிவியோடு வாடிக்கையாளர் ஒருவர் வந்தார். அவருக்கு நாங்கள் போட்டுக் கொடுத்தது டிவி கம்பெனியின் திட்டம் அல்ல, வேறொரு கம்பெனியின் திட்டம். பேனல் கிடைக்கவில்லை என்று சொல்லி, தேய்மானம் கழித்து ஒரு தொகை கொடுத்தார்கள். டிவி விலைக்குப் பக்கத்தில்கூட அது இல்லை. கழிக்கலாம் என்று திட்டத்தின் நிபந்தனைத் தாளில் இருந்தது, பொடி எழுத்தில். விற்ற நாங்களே அதைப் படித்திருக்கவில்லை. அன்று அவர் எங்களைத் திட்டவில்லை, பேசாமல் எழுந்து போனார். திட்டியிருந்தால் தேவலை.

அந்தத் தாளில் இன்னொன்றும் இருக்கும்: எதற்கெல்லாம் கிடையாது என்ற பட்டியல். திரை உடைந்தால் கிடையாது. கரண்ட் ஏறி இறங்கிப் போர்டு கருகினால் பல திட்டங்களில் கிடையாது. பல்லி உள்ளே போய்ச் செத்து ஷார்ட் ஆனாலும் அப்படித்தான். நம் தூத்துக்குடி உப்புக் காற்றில் போர்டு துருப்பிடித்திருந்தால், அதையும் காரணம் காட்டித் திருப்பி அனுப்புவார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தை நம் ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை. அதற்கப்புறம் சேறும் தண்ணீருமாகக் கடைக்கு வந்த டிவிகளில் கூடுதல் வாரண்டி போட்டவையும் இருந்தன. ஒன்றுக்கும் காசு வரவில்லை. இயற்கைச் சீற்றத்துக்கு வீட்டுக் காப்பீடுதான் வழி, வாரண்டி அல்ல.

இன்னொரு விஷயம், எந்தக் கடையும் சட்டென்று சொல்லாதது. பல கம்பெனிகள் முதல் வாரண்டி முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் கூடுதல் வாரண்டியைத் தங்கள் வெப்சைட்டிலேயே வாங்க விடுகின்றன. அப்படி இருந்தால், டிவி வாங்கும் அன்றே முடிவெடுக்க என்ன அவசரம்? பத்து மாதம் ஓட்டிப் பாருங்கள், அப்புறம் யோசியுங்கள். தவணையில் வாங்குகிறவர்கள் பில்லை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். "மாசம் நூத்தைம்பதுதான் கூட" என்று இஎம்ஐக்குள் திட்டத்தைச் சேர்த்துவிடுவது எங்கள் தொழிலில் பழைய பழக்கம். அது தனி வரியாகப் பில்லில் இருக்க வேண்டும், வேண்டாமென்றால் எடுக்கச் சொல்லலாம். உரிய வாரண்டியை மறுத்தால், அது எங்கள் கடையாகவே இருந்தாலும், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

வாரண்டிக்கு எடுத்து வைத்த காசை முதலில் சுவரில் செலவழியுங்கள் என்பதுதான் எங்கள் மெக்கானிக்கின் கட்சி. டிவி பிளக் போடும் இடத்தில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்கச் சொல்வார். கரண்ட் திடீரென்று எகிறுவதைத் தாங்க ஒரு நல்ல சர்ஜ் ப்ரொடெக்டர் வைக்கச் சொல்வார். நேரடி இடிக்கு அது தாங்காது. இடி மின்னல் வரும்போது டிவி பிளக்கைப் பலர் பிடுங்கிவிடுகிறார்கள், மொட்டைமாடி டிஷ்ஷிலிருந்து வரும் ஒயரை மறந்துவிடுகிறார்கள். மின்னல் அந்த வழியாகச் செட்டாப் பாக்ஸுக்கு வந்து, எச்டிஎம்ஐ ஒயர் வழியாக டிவிக்குள் இறங்கும். ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் சர்வீஸ் மேசைக்கு வரும் போர்டுகளில் பல அப்படிப் போனவைதான். இரண்டு ஒயரையும் பிடுங்குங்கள், செலவு ஒன்றும் இல்லை.

கடைசியாக, பில். நாங்கள் தருவது சூட்டில் அச்சாகும் தாள், ஒரு வருடத்தில் வெள்ளையாகிவிடும். பில்லையும், டிவி பின்பக்கம் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பரையும் டிவியைச் சுவரில் மாட்டுவதற்கு முன்பே போனில் படம் எடுத்து வையுங்கள். மாட்டிய பிறகு அந்த நம்பரைப் பார்க்க இரண்டு ஆள் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் டிவி கடைக்காரர்,
தூத்துக்குடி