விலையைக் குறிக்கும் தேதி எது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குடும்ப நிறுவனங்களில் பங்குதாரர்களுக்குள் எழும் பிணக்கு முற்றி, நிறுவனத்தையே கலைத்துவிடலாம் என்ற நிலை வரும்போது, ஒரு தரப்பின் பங்குகளை மறுதரப்போ நிறுவனமோ வாங்கிக்கொள்ளும்படி ஆணையிட, 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 242-ஆவது பிரிவு தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் தருகிறது. ஓடும் ஆலையை மூடித் தொழிலாளர்களைத் தெருவில் நிறுத்துவதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால், விலை பேசும் இடத்தில்தான் சிறுபான்மைப் பங்குதாரர் அடிபட்டுப் போகிறார்.

நான் சிறிதளவு பங்கு வைத்திருக்கும் நூற்பாலையின் இருப்புநிலைக் குறிப்பில், என் தந்தையார் காலத்தில் வாங்கிய நிலம் இன்றும் வாங்கிய விலையிலேயே நிற்கிறது; அதன் மதில் சுவரை ஒட்டி இப்போது அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்துவிட்டன. பங்கின் மதிப்பை எந்தத் தேதியில் கணக்கிடுவது, மனு கொடுத்த நாளிலா, ஆணை பிறப்பித்த நாளிலா என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. மனுக்களை 3 மாதங்களுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று 422-ஆவது பிரிவு கூறினாலும், வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீள்வதால், தேதி மாறினால் தொகையே தலைகீழாகிவிடுகிறது. போதாக்குறைக்கு, நிர்வாகத்தில் பிடி இல்லாத பங்கு என்று சொல்லி மதிப்பைக் குறைக்கவும் வாதாடுகிறார்கள். விரும்பி விற்பவருக்கு அந்தக் கழிவு பொருந்தலாம். நெருக்கடியால் வெளியேறுபவருக்கு அது இரண்டாவது அடி.

மதிப்பீட்டுத் தேதியையும், இக்கழிவு கூடாது என்பதையும் மத்திய நிறுவன விவகார அமைச்சகம் விதிகளிலேயே எழுதிவைக்க வேண்டும்.

இப்படிக்கு,
பங்குதாரர் ஒருவர்,
கோயம்புத்தூர்.